டிஸ் என்று தொடங்கும் நோய்கள்

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து சில ஆண்டுகள் நான் திருவண்ணாமலையில் ஓர் அரசு அலுவலகத்தின் விடுப்புப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. இதில் வரும் யாருடைய பெயரையும் எழுதப்போவதும் இல்லை. மரியாதைக்காக அல்ல. ஒரு பெயரை எழுதிவிட்டால் படிப்பவர்கள் பழியை அந்த ஒருவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். பழியில் எனக்குப் பங்கு உண்டு. அன்றாடம் நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதால் யார் என்ன சொன்னார்கள் என்பது என்னிடம் எழுத்தில் இருக்கிறது.

அந்த நாட்களில் மருத்துவ விடுப்பு எடுக்க நோய் தேவையில்லை, நோயின் பெயர் இருந்தால் போதும். கடைத்தெருவில் ஒரு கிளினிக் இருந்தது. அச்சிட்ட சான்றிதழ்ப் படிவத்தில் டாக்டர் காலையிலேயே வரிசையாகக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். நோயின் பெயர், நாட்கள் இரண்டையும் நிரப்புவது கம்பவுண்டர் வேலை. நம் ஆட்கள் போய் நின்றால் அவர் நாடியைப் பார்க்க மாட்டார். "எத்தினி நாளு?" என்று கேட்பார். பதினைந்து நாள் என்றால், "வயித்து வலின்னு போட்டா பதினஞ்சு குடுக்க மாட்டாங்க சார். எதனா பெரிய பேரா சொல்லுங்க" என்பார். பெரிய பெயர் தெரியாதவர்கள் என் மேசைக்கு வருவார்கள்.

என்னிடம் வந்ததற்குக் காரணம் இருந்தது. தேரடித் தெருவில் பழைய புத்தகம் விற்றவரிடம் அட்டை இல்லாத ஒரு பெரிய ஆங்கில அகராதி வாங்கியிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் எந்த மொழியிலிருந்து வந்தது என்று அதில் போட்டிருக்கும். நோய்ப் பெயர்களில் பெரும்பகுதி கிரேக்கம். ஒரு சின்ன முன்னொட்டைப் பிடித்துக்கொண்டால் ஒரு குடும்பமே கையில் சிக்கிவிடும். டிஸ் என்ற முன்னொட்டுக்கு, சரியாக நடக்காதது, கடினமானது, கெட்டது என்று பொருள். பெப்ஸியா செரிமானம், டிஸ்பெப்ஸியா செரியாமை. டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்க முடியாமை. டிஸ்யூரியா என்றால் சிறுநீர் கழிக்கும்போது வலி. டிஸென்ட்ரி நமக்குத் தெரிந்த சீதபேதி. உடம்பில் எந்த வேலை நின்றுபோனாலும் அதன் பெயருக்கு முன்னால் இந்த ஓர் அசையைச் சேர்த்தால் நோய் தயாராகிவிடும். முப்பது வயதில் எனக்கு இது மிகவும் அழகாகத் தெரிந்தது.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். ஃபுல்ஸ்கேப் தாளில் மூன்று பத்திகள்: சொல், தமிழில் பொருள், கேட்கக்கூடிய நாட்கள். மூன்றாவது பத்தியை நான் சேர்த்திருக்கவே கூடாது. ஆனால் விடுப்புப் பேரேட்டைப் பார்த்து எந்த நோய்க்கு எத்தனை நாள் தடையில்லாமல் கிடைத்திருக்கிறது என்று கணக்கிட்டு எழுதினேன். தாளின் பின்பக்கத்தில் வழக்கொழிந்த சொற்கள். டிஸ்க்ரேஸி என்று ஒன்று. உடம்பிலுள்ள நான்கு நீர்களும் தவறான அளவில் கலந்துபோவது என்று பழைய வைத்தியர்கள் நம்பிய நோய். டிஸ்பதி என்று இன்னொன்று. அது நோயே அல்ல. பிறர் படும் துன்பத்தில் மனம் ஒட்டாமல் இருப்பது. இந்தப் பக்கத்தை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். கார்பன் வைத்து மூன்று படிகள் எடுத்தேன். ஒன்று எப்படியோ கம்பவுண்டரிடம் போய்ச் சேர்ந்தது.

ஓராண்டுக்கு மேல் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் டிஸ் வந்தது. பெண் பார்க்கப் போனவருக்கு டிஸ்பெப்ஸியா. நெல் அறுப்புக்கு ஊருக்குப் போனவருக்கு டிஸென்ட்ரி. விண்ணப்பங்கள் என் மேசைக்கு வரும். என் சொற்களை நானே வாசித்து, "பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதி மேலே அனுப்புவேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இது நின்றது பதிவறை எழுத்தரால். ஆறடி உயரம், முறுக்கு மீசை. பட்டியலில் பொருள் பத்தியை அவர் பார்க்கவில்லை. நீளமான பெயருக்கு நாள் ஜாஸ்தி கிடைக்கும் என்று நினைத்து, இருப்பதிலேயே நீளமான டிஸ்மெனோரியாவைக் காட்டினார். கம்பவுண்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று நான் விடுப்பில் இருந்தேன். விண்ணப்பம் நேரே விடுப்பை அனுமதிக்கும் அலுவலர் மேசைக்குப் போனது. அலுவலரின் மகள் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். பதிவறைக்காரர் விடுப்பு முடிந்து வந்ததும் அவரைக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது.

"உனக்கு இன்னாய்யா உடம்புக்கு?"

"சர்டிபிகேட்ல இருக்குதுங்க ஐயா."

"அத நான் படிச்சேன். நீ சொல்லு. எங்க வலிக்குது?"

"எல்லா எடத்துலயும்தாங்க."

"மாசா மாசம் வருதா?"

"ஆமாங்க ஐயா. இந்த மாசம் கொஞ்சம் ஜாஸ்தி."

அது பெண்களுக்கு மாதவிலக்கின்போது வரும் வலி. அலுவலகம் ஒரு வாரம் சிரித்தது. நானும் சிரித்தேன். அலுவலர் சிரிக்கவில்லை. இந்தப் பெயர் எங்கே கிடைத்தது என்று கேட்டு, பதிவறைக்காரரின் மேசை இழுப்பறையிலிருந்து பட்டியலை எடுத்துவரச் சொல்லி, தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. இனி டிஸ் என்று தொடங்கும் எந்தச் சான்றிதழையும் ஏற்க முடியாது என்று வாய்மொழியாக உத்தரவு போட்டார்.

அந்த உத்தரவு என்ன சாதித்தது என்பதற்கு என் விடுப்புப் பேரேடுதான் சாட்சி. மறு மாதத்திலிருந்து ஒருவருக்கும் டிஸ் வரவில்லை. எல்லோருக்கும் மஞ்சள் காமாலை வந்தது. சிலருக்கு டைபாய்டு. பொய் சொல்கிறவன் சொல்லை மாற்றிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு எந்தச் சொல்லும் ஒன்றுதான். அந்த உத்தரவில் மாட்டக்கூடிய ஆள் ஒரே வகை. உண்மையிலேயே டிஸ் என்று தொடங்கும் நோய் வந்தவர். கையெழுத்தை மட்டும் போட்டு வைத்த டாக்டரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அலுவலர் தண்டித்தது ஒரு முன்னொட்டை.

அப்படி உண்மையான நோயோடு ஒருவர் வந்தார். எங்கள் தபால் பிரிவில் இருந்தவர். கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை ஊர்க்காரர், விவசாயக் குடும்பம், ஐம்பதைத் தாண்டியவர். தினமும் சைக்கிளில் வருவார். எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தாறு ஆண்டுப் பணியில் அவர் ஒரு நாள் கூட மருத்துவ விடுப்பு எடுத்ததில்லை. அவருடைய பணிப்பதிவேட்டில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. அந்த ஆண்டு ஆடி மாதத்திலிருந்து சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு வந்தார். தபால் மூட்டையைத் தூக்கிவிட்டு, கையை மேசையில் ஊன்றிக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நிற்பார். கேட்டால், "ஒண்ணுமில்ல, காத்து கம்மியா கீது" என்பார்.

கார்த்திகையில் தீபத் திருவிழா. திருவண்ணாமலையில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பத்து நாளும் யாருக்கும் விடுப்பு கிடையாது. பல துறைகளிலிருந்தும் ஆட்களை எடுத்துக் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போடுவார்கள். பேருந்து நிலையத்துக் கொட்டகை, மாட்டுச் சந்தை, கிரிவலப் பாதை, மலை என்று இடம் பிரித்து உத்தரவு வரும். மலையில் தீபம் பார்க்க ஏறுகிறவர்களுக்காகப் பாதி வழியில் தண்ணீர்த் தொட்டி வைத்து, அங்கே இரண்டு பேரை உட்கார வைப்பார்கள். அந்த இடத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுவோம். கற்களைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாக ஏற வேண்டும்.

அண்ணன் திருவிழாவுக்கு முன்பே அரசு மருத்துவமனைக்குப் போனார். வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த ஓர் இளம் டாக்டர் மார்பில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டாராம். இதயத்தில் கோளாறு இருக்கலாம், பத்து நாள் அசையாமல் ஓய்வு, பிறகு பெரிய மருத்துவமனையில் காட்ட வேண்டும் என்று சொல்லி, சான்றிதழில் தன் கையாலேயே எழுதினார்: டிஸ்ப்னியா. எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன கதி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

விண்ணப்பம் மேலே போய் மறுநாள் திரும்பியது. ஓரத்தில் சிவப்பு மையில், "இன்னொரு டிஸ். மறுக்கப்படுகிறது." இரண்டு நாள் கழித்து தீப உத்தரவு வந்தது. திருவிழா நேரத்தில் விடுப்புக் கேட்டவர்களையெல்லாம் மலைக்குப் போட வேண்டும் என்பது அலுவலரின் கொள்கை. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே அண்ணனின் பெயர் இருந்தது. எனக்குப் பேருந்து நிலையம்.

பதிவறைக்காரர்தான் முதலில் வழி சொன்னார். "அண்ணா, நேரா கடைத்தெரு கிளினிக்குக்குப் போ. மஞ்ச காமாலைன்னு ஒண்ணு வாங்கிக்கினு வா. நாளைக்கே சாங்ஷன் ஆவும்."

"எனக்கு மஞ்ச காமாலை இல்லியே."

"யாருக்குத்தான் கீது? எனக்கு வந்தது இன்னான்னு ஊருக்கே தெரியும். நான் வெக்கப்பட்டனா?"

அண்ணன் சிரித்துவிட்டு மூச்சுக்காக நிறுத்தினார். "உனக்கு ஒண்ணும் இல்ல, அதனால எது வேணா எழுதிக்கலாம். எனக்கு ஒண்ணு கீது. அத விட்டுட்டு இல்லாத சீக்க நான் இன்னாத்துக்கு எழுதணும்?"

நான் அலுவலர் அறைக்குப் போனேன்.

"ஐயா, அந்த லிஸ்ட்ட எழுதினது நான்தாங்க."

"தெரியும். உன் கையெழுத்து இந்த ஆபீஸ்ல யாருக்குய்யா தெரியாது? நீயா வந்து சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன்."

"அது விளையாட்டா எழுதினதுங்க. தபால் பிரிவு அண்ணன் விஷயம் அப்படி இல்லைங்க. அவருக்கு நெஜமாவே முடியல."

அவர் மேசைக் கண்ணாடியின் மேல் விரலை வைத்தார். "ஒம்பதாவது வரி. படி."

படித்தேன். "டிஸ்ப்னியா. மூச்சுத் திணறல். பத்து நாள்."

"அவர் எத்தினி நாள் கேட்டிருக்காரு?"

"பத்து நாளுங்க."

"அப்புறம் இன்னா பேச்சு?"

"அவர் நடக்கறத ஒரு தடவ பாருங்க ஐயா. கூப்பிட்டு ஒரு வார்த்த கேளுங்க."

"நடிக்கத் தெரியாதவன் எவன்யா கவர்மெண்டு வேலையில இருக்கான்? போ, போய் வேலையப் பாரு."

அன்றைய நாட்குறிப்பில் டிஸ்பதி என்ற சொல்லை எழுதியிருக்கிறேன். அது வழக்கொழிந்த சொல் என்று அகராதி சொல்லியிருந்தது. அகராதி எழுதியவர்களுக்கு எங்கள் அலுவலகத்தைத் தெரியாது. ஓர் ஆள் பத்து எட்டு நடப்பதைக் கதவருகே வந்து பார்த்திருந்தால் போதும். ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

தீபத்தன்று காலை பேருந்து நிலையக் கொட்டகையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, உடனிருந்தவரிடம் சொல்லிவிட்டு மலையடிவாரத்துக்குப் போனேன். அண்ணன் தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். உடன் போக வேண்டிய இன்னொருவர் வருகைக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு முன்னாலேயே ஏறிவிட்டார்.

"நீங்க ஏற வேணாம்ணா. நான் போறேன்."

"உத்தரவு எம் பேர்ல கீது."

"யாரும் பாக்க மாட்டாங்க."

"ஏறிப் பாக்கறேன். முடியலன்னா உக்காந்துக்கறேன்."

அரோகரா என்று சொல்லிக்கொண்டு கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடு பெண்கள் போனார்கள். அண்ணன் பன்னிரண்டு அடி வைத்தார், நின்றார். பிறகு எட்டு. பிறகு ஐந்து. நான் எண்ணினேன், எண்ணுவது என் பழக்கம். உதடு நிறம் மாறியிருந்தது. பாதையை ஒட்டிய ஒரு பாறை நிழலில் அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவர் மறுக்கவில்லை. பேச முடிந்திருந்தால் மறுத்திருப்பார். வாடகை வண்டி பேசி மருத்துவமனைக்குப் போகலாம் என்றேன். தலையசைத்து வேண்டாம் என்றார். மூச்சு அடங்கி முகம் தெளிகிற வரை பக்கத்தில் இருந்தேன். பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் மேலே ஏறினேன்.

தண்ணீர்த் தொட்டியருகே குறிப்பேட்டில் அண்ணன் பெயருக்கு எதிரே அவருடைய கையெழுத்தை நான் போட்டேன். பல ஆண்டுகளாக அவருடைய விண்ணப்பங்களைப் பார்த்தவன், பிசகில்லாமல் வந்தது. அதுவரை நான் பிறர் கையெழுத்தைப் போட்டதில்லை. பிற்பகல் முழுவதும் அவருடைய வேலையைச் செய்தேன். உச்சியில் தீபம் ஏறியதும் இறங்கி வந்தபோது அதே பாறையில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா அவருக்கு மோர் வாங்கிக் கொடுத்திருந்தார். அவருடைய உறவினர் ஒருவரின் மாட்டு வண்டியில் அவரை அடி அண்ணாமலைக்கு ஏற்றிவிட்டேன். காப்பாற்றிவிட்டதாகத்தான் அன்று எழுதியிருக்கிறேன்.

அடுத்த வாரம் அலுவலர் அவரைக் கூப்பிட்டார். குறிப்பேடு எதிரே திறந்திருந்தது. விடுப்பை மறுத்தது சரிதான் என்று காட்ட அவருக்கு அது கிடைத்துவிட்டது. அதை அவருக்குத் தயாரித்துக் கொடுத்தவன் நான். என்னையும் நிற்கச் சொன்னார்.

"மூச்சு முட்டுதுன்னு லீவு கேட்டீங்க. பாதி மலை ஏறி கையெழுத்தும் போட்டிருக்கீங்க. எப்படி ஏறினீங்க?"

"நான் ஏறலைங்க ஐயா."

"இது யார் கையெழுத்து?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "எனக்காவ இவர் ஏறினாருங்க. நான் கீழ ஒரு கல்லு மேல உக்காந்துக்கினு இருந்தேன். நாலு எட்டு ஏறினேன், அதுக்கு மேல முடியல."

அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. தன் கையெழுத்துதான் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் வெளியே போயிருக்கலாம். கோபம் வெளியே வருவதற்குள் தணிந்தது. நோயைப் பற்றிப் பொய் சொல்லாதவர் மலையைப் பற்றி மட்டும் எப்படிச் சொல்வார்?

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பிறகு கண்டன உத்தரவு. பிறர் கையெழுத்தைப் போட்டது, பணியிடத்தை விட்டுப் போனது என்று இரண்டு குற்றங்கள். இரண்டும் உண்மை, ஒப்புக்கொண்டேன். ஆனால் பட்டியலைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு வரி இல்லை. நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான். அதைக் குறிப்பிட்டால் அந்தப் பட்டியலை வைத்து யார் யார் விடுப்பில் போனார்கள், யார் அனுமதித்தார்கள் என்று கேட்க வேண்டி வரும். அனுமதித்த கையெழுத்துகளெல்லாம் அலுவலருடையவை. அதனால் பட்டியல் கண்ணாடிக்கு அடியிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போயிற்று.

அண்ணனுக்கு வேறு உத்தரவு. வேலூருக்குப் போய் மருத்துவக் குழுவின் முன் நின்று தன் நோயை மெய்ப்பிக்க வேண்டும். மூச்சு விட முடியாது என்பதைக் காட்ட மூன்று முறை நெரிசல் பேருந்தில் போய்வந்தார். முதல் முறை குழுவில் ஒருவர் வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது முறை எக்ஸ்ரே படம் எடுக்க வேறு நாள் குறித்தார்கள். மூன்றாவது முறை நான் உடன் போனேன். போளூர் வரை அவருக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கேட்டுப் பார்த்தேன், எழுந்திருக்க ஒருவரும் தயாராக இல்லை.

மாலை சான்றிதழ் கிடைத்தது. மூன்று டாக்டர்களின் கையெழுத்து, வட்ட முத்திரை. வேலூர் பேருந்து நிலையத்தில் வைத்து அண்ணன் அதை என்னிடம் நீட்டினார்.

"இன்னா போட்டிருக்காங்க?"

பார்த்தேன். இதயத்தின் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது என்று முதல் வரி. இரண்டாவது வரியில் அதே சொல். டிஸ்ப்னியா.

"மூச்சு வாங்குதுன்னு போட்டிருக்காங்கண்ணா."

"அதத்தானே நானும் சொன்னேன்."

அலுவலகத்தில் இந்த முறை யாரும் சிவப்பு மையை எடுக்கவில்லை. சொல் மாறவில்லை, மூச்சு மாறவில்லை. கையெழுத்து ஒன்றுக்கு மூன்றானதும் அது நோய் ஆகிவிட்டது. அறுபது நாள் விடுப்பு அனுமதித்து வந்த உத்தரவை நானே அடி அண்ணாமலைக்கு எடுத்துப் போனேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாசிக்கச் சொன்னார். கடைசிப் பத்தியில், விடுப்பை நீட்டிக்க வேண்டுமானால் மீண்டும் மருத்துவக் குழுவின் முன் நேரில் ஆஜராக வேண்டும் என்று இருந்தது.

"திரும்ப வேலூரா?"

"ஆமாண்ணா. நீட்டிக்கணும்னா."

"பஸ்ஸுல நின்னுக்கினு போறதுக்கு ஆபீஸ் மேல்" என்றார்.

அறுபத்தோராம் நாள் காலை பத்து மணிக்கு முன்பாக அண்ணன் தபால் பிரிவில் தன் முக்காலியில் வந்து உட்கார்ந்தார். உடம்பு தேறியிருக்கவில்லை. மகன் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுப் போனான். மூட்டையைத் தூக்குவதைப் பதிவறைக்காரர் ஏற்றுக்கொண்டார். உறைகளில் தபால்தலை ஒட்டுவதை மட்டும் அண்ணன் செய்தார். பத்து ஒட்டிவிட்டு நிறுத்துவார், பிறகு பத்து. நோய் தீர்ந்து பணியில் சேர்ந்தார் என்று அலுவலர் எழுதினார். அதைப் பணிப்பதிவேட்டில் நான் ஏற்ற வேண்டும் என்று எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளர் கொண்டுவந்து வைத்தார். "நோய் தீர்ந்து" என்ற இரண்டு சொற்களையும் விட்டுவிட்டு, பணியில் சேர்ந்தார் என்று மட்டும் எழுதினேன். கண்காணிப்பாளர் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.